சாமி மேடையில் வைத்த டேப்

தம்பி,

ஒரே வீட்டுக்குள் இருக்கும் மகனுக்கு எவளாவது கடிதம் எழுதுவாளா என்று நீ சிரிக்கலாம். சிரித்து முடித்துவிட்டுப் படி. நேரில் உன்னைப் பார்த்தால் 'சாப்டியா' என்பதைத் தாண்டி எனக்கு வாய் வருவதில்லை. நீயும் 'சாப்டேம்மா' என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுகிறாய். இந்த ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டில் உன் கட்டிலுக்கும் என் கட்டிலுக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய சுவர்தான். அதைத் தாண்டி ஒரு விஷயத்தைச் சொல்ல எனக்குப் பத்து வருஷம் ஆகியிருக்கிறது. கூட்டாளி வீட்டுக் கல்யாணத்துக்காக நீ தாசேக் கெலுகோருக்குப் போயிருக்கிறாய். நாளை நீ திரும்பி வருவதற்குள் இதை எழுதி முடித்து உன் மேசைமேல் வைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நீ என் பேக்டரிக்கு வந்து, மேனேஜர் மிஸ்டர் கோவின் அறையில் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் நீ டிரெய்னி டி.பி.ஏ. அதாவது, என் வேலையைக் கற்றுக்கொள்ள வந்தவன். எந்த எலக்ட்ரானிக் சில்லு எந்த மெஷினில் எந்தப் பெண்ணின் கையில் உருவானது, எந்தச் சோதனையில் தேறியது, எந்தப் பெட்டியில் கப்பலேறியது என்று பேக்டரியின் மொத்த வாழ்க்கையும் கணினிக்குள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கிறதே, அந்த டேட்டாபேஸ் கெடாமல், தொலையாமல், வேண்டாதவர் கை படாமல் காப்பதுதான் அந்த வேலை. இரண்டு வருஷம் எனக்குக் கீழே பழகிவிட்டு நீ என் நாற்காலியில் உட்காருவாய், நான் எழுந்து வெளியே வருவேன். இதுதான் ஏற்பாடு. இதைச் செய்தது நான்தான். மூன்று முறை வேலையை விடுகிறேன் என்று சொன்னேன். மூன்று முறையும் மிஸ்டர் கோ, "யூ போனா யாருக்குத் தெரியும் லா? ஓர் ஆளைப் பழக்கிக் குடுத்துட்டுப் போ" என்றார். மூன்றாம் முறை உன் பெயரைச் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது நீ "சரிம்மா" என்றாய். பல் டாக்டர் வாயைத் திற என்றால் திறப்போமே, அந்தக் குரலில் சொன்னாய். எனக்கு அது நன்றாகவே கேட்டது. கேட்காதவள் மாதிரி அடுப்படிக்குப் போனேன்.

நான் எப்படி இந்த வேலைக்கு வந்தேன் என்று உனக்குத் தெரியும் என்று நினைக்கிறாய். 'அம்மா பேக்டரி லைனில் வேலை செய்தாள், கெட்டிக்காரி என்று கம்ப்யூட்டர் ரூமுக்கு எடுத்துக்கொண்டார்கள்' என்று சொந்தக்காரர்களிடம் நான் சொல்லும் கதை அது. அதில் பொய் இல்லை, பாதிதான் இருக்கிறது. தாசேக் கெலுகோர்ப் பக்கம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, அதன்பிறகு மலாய்ப் பள்ளிக்குத் தயார் பண்ணும் ரிமூவ் கிளாஸ் ஒரு வருஷம், அதன்பிறகு தத்தித் தத்தி ஐந்தாம் பாரம் வரை. பதினெட்டு வயதில் பேக்டரி பஸ் ஏறியவள் பத்து வருஷத்துக்கு மேல் மைக்ராஸ்கோப்பில் கண்ணை ஒட்டவைத்துக்கொண்டு, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கம்ப்யூட்டர் ரூமுக்கு லைனிலிருந்து இரண்டு பேரை எடுத்துப் பழக்கப்போகிறோம் என்று பரீட்சை வைத்தார்கள். தேறியவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான், இன்னொருத்தி ரோஸ்னா. கெடாவிலிருந்து வந்த மலாய்க்காரப் பெண், என்னைவிட ஆறு வயது சின்னவள், லைனில் சில வருஷம் என் பக்கத்திலேயே உட்கார்ந்தவள். என்னைக் 'காக்' என்றுதான் கூப்பிடுவாள், அக்கா என்று அர்த்தம். நம் வீட்டுத் தீபாவளிக்கு வந்து முறுக்கை டப்பாவோடு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் ஒருத்தி உனக்கு லேசாக ஞாபகம் இருக்கும். அவள்தான்.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர் வந்து ஆறு வாரம் சொல்லிக்கொடுத்தார். மின்னல் வேகத்தில் ஆங்கிலம் பேசுவார். அவர் போனபிறகு எங்களுக்கு மிஞ்சியது செங்கல் கனத்தில் நான்கு மேனுவல்கள். எனக்கு அந்த ஆங்கிலம் ஏறவே இல்லை, தம்பி. கேண்டீனில் கச்சான் கடலை உடைத்துக்கொண்டே ரோஸ்னா ஒவ்வொரு பக்கத்தையும் மலாயில் சொல்லுவாள். நான் அதைத் தமிழில் நோட்டில் எழுதிக்கொள்வேன். பாதியில் நின்றுபோன வேலையை முதலிலிருந்தே நடக்காததுபோல் திருப்பி எடுப்பது எப்படி என்று எனக்குப் புரியாமல் இரண்டு நாள் அழுதேன். அவள் கச்சானை மேசையில் வரிசையாக அடுக்கி, பாதியை நகர்த்தி, "இங்க கரண்ட் போச்சு. இப்ப என்ன பண்ணுவீங்க காக்? எல்லாத்தையும் பழைய இடத்துல வைங்க. அவ்வளவுதான் லா" என்றாள். அன்றைக்குப் புரிந்ததுதான் இன்றைக்கு வரைக்கும் எனக்குச் சோறு போடுகிறது. நான் படித்தது எந்தக் கல்லூரியிலும் இல்லை, அவளிடம்தான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நீ ஒன்பது வயதில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். அப்போதெல்லாம் ஒவ்வொரு நாளும் வேலை முடியும்போது டேட்டாபேஸ் முழுவதையும் உள்ளங்கையளவு டேப் ஒன்றில் பிரதி எடுப்போம். அதற்குப் பெயர் பேக்கப். அப்படி இரண்டு டேப். ஒன்று ஆபீஸ் அலமாரியில் இருக்கும், மற்றதை நான் வீட்டுக்கு எடுத்துவர வேண்டும். பேக்டரி தீப்பிடித்தாலும் ஒரு பிரதி வெளியே தப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. வீட்டில் எங்கே வைப்பது? உன் அப்பா லாரியிலிருந்து வந்து எண்ணெய்க் கையோடு எல்லாவற்றையும் தொடுவார். நீ எதைக் கண்டாலும் பிரித்துப் பார்ப்பாய். ஆகவே சாமி மேடையில் வைத்தேன். அங்கேதான் யாரும் குளிக்காமல் கை வைக்க மாட்டார்கள். அதன் பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடியிருந்தவரை அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜை வந்தது. நீ உன் பாடப் புத்தகங்களையெல்லாம் அடுக்கி, மேலே கணக்குப் புத்தகத்தை வைத்து, "இதுக்குத்தான்மா பெரிய பொட்டு" என்றாய். எனக்கு அந்த வருஷம்தான் புது வேலை. லைனில் கம்பி ஒட்டியவள் இன்று ஏ.சி. ரூமில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். என் படிப்பும் என் ஆயுதமும் அந்த டேப்தானே? உன் புத்தகத்தைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவில் டேப்பை வைத்தேன். பெட்டியோடு வைத்தால் பொட்டு பெட்டிக்குத்தானே போகும் என்று ஒரு கெட்டிக்காரத்தனம் வேறு. வெளியே எடுத்து, நெற்றி மாதிரி பார்த்துச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தேன். மறுநாள் விஜயதசமி. காலையில் கும்பிட்டு எடுத்து, முந்தானையால் துடைத்துப் பெட்டிக்குள் போட்டு எடுத்துப் போனேன். வெளியே துடைத்தேன், சரி. இடுக்கு வழியாக உள்ளே இறங்கியதை யார் துடைப்பது?

அன்றைக்குக் காலையிலேயே பேக்டரியில் டேட்டாபேஸ் இருந்த டிஸ்க் செத்துப்போனது. வேறு எந்த நாளாக இருந்தாலும் பிழைத்திருப்பேன். டெக்னீஷியன் வந்து பத்து மணிக்குள் புது டிஸ்க் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். வெளியே லைன் நின்றிருந்தது. ஐந்நூறு பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த டேப்பை, அதைப் படிக்கும் டிரைவில் போட்டேன். இரண்டு நிமிஷம் சுற்றியது. கிறீச்சென்று ஒரு சத்தம், நின்றுவிட்டது. அலமாரியைத் திறந்து இரண்டாவது டேப்பை எடுத்தேன். ரோஸ்னா என் கையைப் பிடித்தாள். "காக், வேணாம். டெக்னீஷியன் வரட்டும். முதல்ல டிரைவைப் பாக்கட்டும்" என்றாள். நான் கையை உதறிவிட்டுப் போட்டேன். அழுக்கான டிரைவ் நல்ல டேப்பையும் சிராய்த்துக் கிழித்தது. அந்த இரண்டாவது டேப்பில் பொட்டும் இல்லை, பூவும் இல்லை. அதைக் கெடுத்தது சாமி இல்லை, என் அவசரம்தான்.

டெக்னீஷியன் வந்து டிரைவைப் பிரித்து, பஞ்சால் துடைத்துக் காட்டினார். பஞ்சு சிவப்பாக இருந்தது. "இது என்ன சிவப்பு?" என்று மிஸ்டர் கோ கேட்டார். முந்தின நாள் கம்ப்யூட்டர் ரூம் பக்கத்துச் சுவரில் ஏ.சி. குழாய்க்காகத் துளை போட்டிருந்தார்கள். "செங்கல் தூசியா இருக்கும்" என்றார் டெக்னீஷியன். ரோஸ்னா பஞ்சை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பஞ்சை மேசையில் வைத்துவிட்டாள். மிஸ்டர் கோ மலாயில், "சியாப்பா புக்கா பிந்து?" என்று கத்தினார். கதவைத் திறந்து வைத்தது யார் என்று. துளை போட வந்தவர்கள் சாமான் தூக்கிப்போக வேண்டுமென்று கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்து வைத்தது ரோஸ்னாதான். "சாயா" என்றாள். 'நான்' என்று அர்த்தம். நானும் வாயைத் திறந்தேன், தம்பி. திறந்த வாயிலிருந்து வந்தது, "நான் இப்பவே டேட்டாவைத் திரும்ப ஏத்த ஆரம்பிக்கிறேன் சார்" என்பது. அவ்வளவுதான் என் வீரம்.

வேறு கட்டடத்தில் வைத்திருந்த பழைய பிரதி பத்து நாளுக்கு முந்தையது. அந்தப் பத்து நாளின் வேலையையும் லைனிலிருந்து வந்த காகித அட்டைகளைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் விரலால் ஏற்றினோம். என்னைவிட அவள்தான் அதிகம் ஏற்றினாள். ஏற்றி முடித்த மறுநாள் அவளைத் திரும்ப லைனுக்கு அனுப்பினார்கள். அவளுடைய ஊழியர் பதிவில் ஒரே ஒரு மலாய்ச் சொல் எழுதினார்கள்: 'சுவாய்'. கவனமில்லாதவள் என்று அர்த்தம். என்னை டி.பி.ஏ. ஆக்கினார்கள். ஆயர் ஈத்தாம் பசாரில் மீனும் கறியும் வாங்கி, அன்றைக்கு வீட்டில் விருந்து வைத்தேன். நீ எலும்பைக் கடித்துக்கொண்டே, "அம்மா பெரிய ஆளா ஆயிட்டாங்களா?" என்று அப்பாவைக் கேட்டாய். கையிலெடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். மீன் முள் என்று சொல்லித் தண்ணீர் குடித்தேன்.

அன்றைக்குப் பூட்டிய கதவு இன்னும் திறக்கவில்லை. அந்த ரூமுக்கு ஜன்னல் கிடையாது, உனக்குத் தெரியும். வெளியே மழையா வெயிலா என்று வீட்டுக்கு வரும்போதுதான் தெரியும். இடுப்பில் பேஜர் வந்தது. நீ தைப்பூசத்துக்கு மொட்டை அடித்து, தண்ணீர்மலைக் கோயிலுக்கு முதல் பால்குடம் எடுத்த அன்று படிக்கட்டின் பாதியில் அது கத்தியது. உன் குடத்தை அப்பா கையில் கொடுத்துவிட்டு, மஞ்சள் புடவையோடும் வெறுங்காலோடும் டாக்ஸி பிடித்துப் போனேன். நீ திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறினாய் என்று அப்பா பிறகு சொன்னார். பள்ளியில் நீ பரிசு வாங்கிய இரண்டு வருஷமும் நான் இல்லை. 'என்ன செய்வது, எனக்கு மட்டும்தானே தெரியும்' என்று சலித்துக்கொள்வேன். அந்தச் சலிப்புக்குள் ஒரு பெருமை இருந்ததும் உண்மை.

ஆனால் எனக்கு மட்டும்தான் தெரியும்படி வைத்துக்கொண்டதே நான்தான். இந்தப் பத்து வருஷத்தில் மூன்று பேரைப் பழகிக்கொள்ள அனுப்பினார்கள். மூவருமே நல்ல பிள்ளைகள். பாஸ்வேர்ட் கொடுக்க மாட்டேன், எழுதிக் கொடுக்க மாட்டேன், கேட்டால் 'மேனுவலைப் பார்' என்பேன். மூன்று மாதத்தில் அவர்களே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். என்றைக்கு என்ன நடந்தது என்று மெஷின் குறித்துவைக்கும் பழைய லாகைப் புரட்டுகிற இன்னொரு கண் அந்த ரூமுக்குள் வந்தால் அந்த நாளைத் தோண்டிவிடுமோ என்று பயம். ரோஸ்னா மாதிரி ஒருத்தி வந்து நான் எவ்வளவு சுமார் என்று பார்த்துவிடுவாளோ என்றும் பயம். மிஸ்டர் கோ என்னை விடமாட்டேன் என்கிறார் என்று உன் அப்பாவிடம் அழுதேனே, மேனேஜர் என்னைப் பூட்டவே இல்லை. சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊழியர் பதிவுகளும் என் டேட்டாபேஸில்தான் இருக்கின்றன. அந்த 'சுவாய்' என்ற சொல்லை அழிக்க எனக்கு ஒரே ஒரு வரி போதும். யாருக்கும் தெரியாது. எத்தனையோ முறை அந்த வரியை அடித்துவிட்டு, என்டர் தட்டாமல் அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒருமுறைகூடத் தட்டவில்லை. நல்லவள் என்பதால் இல்லை. யாருக்கும் தெரியாமல் ஒரு பதிவை மாற்றினால் அதற்குப் பிறகு நான் டி.பி.ஏ. இல்லை என்று பட்டது. வாயைத் திறக்கத் தைரியம் இல்லாதவளுக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஏன் இத்தனை நேர்மை என்று எனக்கே என்மேல் எரிச்சலாக வரும்.

இதையெல்லாம் இப்போது ஏன் கொட்டுகிறேன் என்றால், போன வாரம் உன் பழைய புத்தகங்களைப் பேப்பர்காரனுக்குப் போடலாம் என்று எடுத்தேன். வேதியியல் புத்தகத்துக்குள் ஒரு கடிதம் இருந்தது. தாதியர் பயிற்சிக்கு உன்னை நேர்முகத்துக்கு அழைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி. அதே திங்கள், அதே ஒன்பது. நீ அதைக் கிழிக்கவும் இல்லை, என்னிடம் காட்டவும் இல்லை. மடித்து வைத்துவிட்டு, என் பேக்டரிக்கு வருவதற்காகத் தலைமுடி வெட்டிக்கொண்டு வந்தாய்.

ஆறு மாதத்துக்கு முன்பு ஒருநாள் சாப்பிடும்போது நீ நர்ஸ் வேலையைப் பற்றி வாயெடுத்தாய். "ஆம்பளப் பிள்ளைக்கு ஊசி போடுற வேலையா? அதுக்கா படிக்க வச்சேன்?" என்றேன். நீ தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாய். அதைச் சொன்ன வாய் எது தெரியுமா? அப்பாவுக்கு இனிப்பு நீர் முற்றி, சர்க்கரை ஏறிக் காலில் புண் வந்தபோது, வாடை தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்ட வாய். நீதான் பள்ளிவிட்டு வந்து ஒன்றரை வருஷம் அந்தப் புண்ணைக் கழுவிக் கட்டினாய். "இந்தப் பையன் கட்டுற கட்டு என் கட்டைவிட சுத்தம்" என்று கிளினிக்கில் டிரஸ்ஸர் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். கால் விரல் ஒன்றுகூட எடுக்காமல் உன் அப்பா இன்றைக்குக் கீழே கடைக்கு நடந்து போய் டீ குடிக்கிறாரே, அது யாரால்? அப்படிப்பட்ட பிள்ளையை ஜன்னல் இல்லாத ரூமில் என் இடத்தில் உட்காரவைத்துவிட்டு நான் தப்பிக்கப் பார்த்தேன். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு புத்தகக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். பேப்பர்காரன் கீழே கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

இன்று காலை பஸ் பிடித்து பாயான் பாருவுக்குப் போனேன், ரோஸ்னா வீட்டுக்கு. ஒரே பேக்டரியில் இருந்தும் பத்து வருஷமாகக் கேண்டீனில் அவள் உட்கார்ந்த பக்கம் நான் உட்கார்ந்ததில்லை. கதவைத் திறந்தவள் வழிவிட்டு ஒதுங்கினாள். பிறகு, "வாங்க காக், செருப்பை உள்ள போடுங்க, மழை வரும்" என்றாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள். இன்னும் லைன் லீடராகத்தான் இருக்கிறாள். நான் டீயைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சாமி மேடை, பொட்டு, முந்தானை எல்லாம். நாங்கள் பேசியது மலாயில். உனக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். "செங்கல்லுல சந்தன வாசம் வருமா காக்? உங்க வீட்டுக்குத் தீபாவளிக்கு எத்தனை தடவை வந்திருக்கேன்!"

"தெரிஞ்சுமா 'சாயா'ன்னு சொன்ன?"

"கதவைத் திறந்தது நான்தானே. அவர் கேட்டது அதைத்தான்."

"ஏன் ரோஸ்னா நீ சொல்லலை?"

அவள் டீயை என் பக்கம் தள்ளி வைத்தாள். "அது உங்க சாமி விஷயம். மலாய்க்காரப் பொண்ணு வந்து உங்க சாமிப் பொடியாலதான் மெஷின் கெட்டுச்சுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? அப்புறம் பேக்டரியே அதைத்தான் பேசும். நீங்களே சொல்லிடுவீங்கன்னு இருந்தேன். இன்னைக்கு சொல்வாங்க, நாளைக்கு சொல்வாங்கன்னு. நோன்பு மாசம் வரைக்கும் பாத்தேன். அப்புறம் விட்டுட்டேன்."

என் சாமியை அவள் காப்பாற்றியிருக்கிறாள், நான் அவளைக் காப்பாற்றவில்லை. என் இடத்துக்கு வந்துவிடு, மிஸ்டர் கோவிடம் பேசுகிறேன் என்றேன். சிரித்தாள். "இப்ப எதுக்கு காக்? எனக்கு லைன்ல பழகிடுச்சு. ஆனா சூப்பர்வைசர் வேலைக்கு நாலு தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு வார்த்தையைத்தான் காட்டுறாங்க." அப்படியானால் அதை எடுத்துவிடுகிறேன் என்று அவசரமாகச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். "எடுக்காதீங்க. யாருக்கும் தெரியாம எடுத்தா எனக்கு நடந்தது சரியாயிடுமா? அது அங்கேயே இருக்கட்டும். அதுக்குக் கீழ உண்மையை எழுதுங்க." என்னைவிட நல்ல டி.பி.ஏ. ஆகியிருப்பாள், தம்பி. பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் பேக்டரியில் ஒரு பதிவை மாற்ற வேண்டுமானால் ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டும். அதைத் தயார் செய்ததே நான்தான். எந்தப் பதிவு, யார் கேட்பது, காரணம் என்ன என்று மூன்று கட்டம். காரணம் எழுதாத ஃபாரத்தைத் திருப்பி அனுப்பியே பெயர் வாங்கியவள் நான். வீட்டுக்கு வந்ததும் ஒன்றை எடுத்து நிரப்பிவிட்டேன். பதிவு, ரோஸ்னாவுடையது. கேட்பது நான். காரணம் என்ற கட்டம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன். பொட்டு வைத்ததையும் எழுதினேன். சாமியின்மேல் பழி வருமோ என்று ஒரு வரி கூடுதலாக எழுதினேன்: 'பொட்டு வைத்தது பக்தி. துடைக்காமல் டிரைவில் போட்டதும், தடுத்தும் கேட்காமல் இரண்டாவதைப் போட்டதும், பேசாமல் இருந்ததும் நான்.' திங்கள் ஒன்பது மணிக்கு இதை மிஸ்டர் கோ மேசையில் வைக்கப்போகிறேன்.

அதற்குப்பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. போ என்று சொல்லலாம். போனால் உனக்குப் பார்த்து வைத்த வேலையும் என்னோடு போகும், அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பழைய கதை, விடு லா, வேலையைப் பார் என்றும் சொல்லலாம். எனக்கு அதுதான் அதிக பயமாக இருக்கிறது. சொல்லியும் அதே ரூம், அதே ஸ்வெட்டர், அதே பேஜர். அப்படியானால் நான்தான் அங்கே உட்கார்ந்து, தெரிந்ததையெல்லாம் எழுதிவைத்து, அடுத்து வருகிற பிள்ளைக்கு நேராகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதன்பிறகுதான் எழுந்து வர வேண்டும். எத்தனை வருஷம் ஆனாலும் சரி. அது என் பாடு, உன்னுடையது இல்லை.

இந்த வேலை கெட்ட வேலை என்று நான் சொல்லவில்லை. உனக்கே பிடித்திருந்தால் வேறு எங்கேயாவது போய் முறையாகப் படித்துச் செய். அப்படிச் செய்தால் இரண்டே விஷயம் மனசில் வை. திரும்ப ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை பேக்கப் என்று நம்பாதே, நான் ஒருநாள்கூட ஏற்றிப் பார்த்ததில்லை. முதல் டேப் ஏன் நின்றது என்று தெரியாமல் இரண்டாவதைப் போடாதே. எனக்கு இன்னொரு வாழ்க்கை வேண்டுமென்று உன் வாழ்க்கையை எடுத்து அதே டிரைவில் போடப் பார்த்தேனே, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உனக்குப் பிடித்தது புண் கழுவுவதும் கட்டுப் போடுவதும் என்றால், திங்கட்கிழமை என் பேக்டரிப் பக்கமே வராதே. அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "அவன் கையிதானே எனக்குக் காலு" என்று அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கோபம் இருந்தால் என்னிடம் சத்தம் போடு. 'சரிம்மா' மட்டும் சொல்லாதே.

உன் வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணி அறைக்கதவில் மாட்டியிருக்கிறேன். நேர்முகக் கடிதத்தைச் சாமி மேடையில் வைக்கலாம் என்று கை போனது. வைக்கவில்லை. பொட்டும் வைக்கவில்லை. உன் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

அம்மா